எளிய ஆங்கிலம் எங்களுக்கு உதவிய இடங்கள்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோண்டாவிலான்:
தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். வீட்டில் மற்றவர்கள் பிபிசி தமிழோசைக்காகச் சுற்றினார்கள். எனக்கு அமெரிக்க அரசின் வானொலியான வொய்ஸ் ஒவ் அமெரிக்காவின் 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' வேண்டும்.

1959 அக்டோபரில் தொடங்கிய நிகழ்ச்சி அது. ஏறக்குறைய 1500 சொற்கள்தான் பாவிப்பார்கள். ஒரு வசனத்தில் ஒரு விஷயம். வாசிப்பதும் வழமையான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தேயும், அப்படியும் விளங்கும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தைப் பாடமாகத்தான் படித்திருந்தேன். உலகத்தில் நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டு, அதை வீட்டாருக்குத் தமிழில் போய்ச் சொன்னது அந்த றேடியோவால்தான்.

சித்தப்பாவுக்கு அது பிடிக்காது. "உது சின்னப் பிள்ளையளுக்கு வாசிக்கிற இங்கிலிஷ். நீ ஒழுங்கான இங்கிலிஷைப் படி" என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கிய நாள் முதல் இங்கே ஆங்கிலம் என்றால் உத்தியோகம், மதிப்பு. பிழை விட்டால் மானம் போய்விடும் என்று வாயே திறக்காத எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! அந்தப் பயத்தை எனக்கு உடைத்தது இந்தக் குறைந்த சொல் ஆங்கிலம்தான். அதைக் குறைப்பட்ட ஆங்கிலம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

சாவகச்சேரி ரீச்சர்:
நான் ரியூட்டரியில் படிப்பிக்கிறேன். ஓக்டன் என்ற ஆங்கிலேய மொழி ஆய்வாளர் 1930இல் வெளியிட்ட 'பேசிக் இங்கிலிஷ்' என்ற எளிய ஆங்கிலச் சொற்பட்டியலை வகுப்பில் பாவித்துப் பார்த்தேன். மொத்தம் 850 சொல். அதில் 600 பொருட்களின் பெயர்கள், 150 பண்புகள், மிச்சம் 100 வசனத்தை இயக்கும் சொற்கள். பெயர்களில் 200 படமாக வரையக்கூடியவை: ஊசி, பாலம், ஆடு, திறப்பு (சாவி), குடை. கரும்பலகையில் வரைந்தால் போதும், தமிழில் சொல்லத் தேவையே இல்லை. பின்வாங்கில் இருந்த பெடியன்களும் கை தூக்கினார்கள்.

வினைச்சொல்லில்தான் சிக்கல். ஓக்டன் வைத்தது 18 மட்டும். மற்றதெல்லாம் 'கிவ் அப்', 'கோ இன்', 'புட் அவுட்' என்று ஒட்டிச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு 'என்டர்' என்று ஒரு சொல்லைப் பாடமாக்குவது லேசு, அந்த ஒட்டுச் சொற்கள்தான் கஷ்டம். ஆகவே பெயர்களை எடுத்துக்கொண்டேன், வினைகளுக்கு மைக்கல் வெஸ்ட் 1953இல் தந்த சுமார் 2000 சொல் பட்டியலுக்குப் போனேன். வங்காளத்தில் படிப்பித்த மனிதர், எங்களைப் போன்ற வகுப்பறை அவருக்குத் தெரியும்.

வல்வெட்டித்துறைக் கடலோடி:
கப்பலில் நான் கண்டதைச் சொல்கிறேன். கப்டன் பிலிப்பைன்ஸ்காரர், என்ஜினியர் உக்ரைன்காரர், நான் ஊர்ப் பெடியன். எங்கள் யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட ஆங்கிலக் கடல் தொடர்புச் சொற்றொடர்கள்தான் எங்களுக்குப் பொது மொழி.

அதில் கேள்வி கேட்கும் முன் 'குவெஸ்சன்' என்று சொல்லலாம், எச்சரிக்கை என்றால் 'வோர்னிங்'. எதிரில் இருப்பவருக்கு என்ன வரப்போகிறது என்று முதலே தெரிந்துவிடும். 150 என்பதை ஒவ்வோர் இலக்கமாக, 'வன், ஃபைவ், சீரோ' என்று சொல்ல வேண்டும். வெறும் 'யெஸ்' போதாது, கேட்டதை முழு வசனமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'மே', 'குட்', 'ஷுட்' போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அனுமதியா, அறிவுரையா, நடக்கக்கூடும் என்பதா என்று கேட்பவர் குழம்புவார். இரவில், காற்று இரைச்சலில், வீஎச்எஃப் றேடியோவில் அந்தக் குழப்பம் வந்தால் கப்பல் கரை தட்டும்.

கப்பலுக்குப் போகக் காத்திருக்கும் தம்பிமார் என்ன படிக்க என்று கேட்டால் இலக்கணப் புத்தகத்தைப் பிறகு பார்க்கலாம் என்பேன். முதலில் அந்தச் சொற்றொடர்களை ஒரு கூட்டாளியோடு மாறி மாறிச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். வேண்டியவர்கள் கேளுங்கள், நான் பழகிய முறையை எழுதிப் போடுகிறேன்.