லீஃப் ஸ்பிரிங்குக்கு இலைச்சுருளா? வில்வண்டியை மறந்துவிட்டோமே

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

படகு டிரெய்லர் பராமரிப்புத் தாளைத் தமிழில் போட்டுத் தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். டயர் பகுதி ஒருவழியாக முடிந்தது, ஸ்பிரிங்கில் வந்து மாட்டிக்கொண்டேன். போன மடலில் வந்த யோசனை இது:

> லீஃப் ஸ்பிரிங் = இலைச்சுருள்வில். சுருள்வில் பாடநூலிலேயே இருப்பதால் முன்னால் இலை சேர்த்தால் போதும்.

போதாது ஐயா. பாடநூல் சுருள்வில் என்பது கம்பியைச் சுற்றிச் சுற்றிச் செய்தது. லீஃப் ஸ்பிரிங்கில் சுருள் எங்கே இருக்கிறது? நீள நீளமான எஃகுப் பட்டைகளை லேசாக வளைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். மல்லாந்து கிடக்கிற வில் மாதிரி இருக்கும். இலையும் கிடையாது, சுருளும் கிடையாது.

இதற்கு நாம் புதிதாக எதையும் உருவாக்கவே வேண்டியதில்லை என்பது என் கட்சி. வில்வண்டி என்று எத்தனை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம்! கட்டை வண்டிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமே அடியில் இருக்கிற அந்த வில்தானே. கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த கதையை எங்கள் ஆயா சொல்லும்போது, "வில்லு வண்டியில போனா பிள்ளைத்தாச்சிகூட அசங்காமப் போயிட்டு வருவா" என்பார். வடக்கேயும் இதே யோசனைதான் போலிருக்கிறது, லீஃப் ஸ்பிரிங்குக்குக் கமானி என்கிறார்கள், கமான் என்றால் வில்.

சரி, வெறும் வில் என்றால் சுருள்வில்லோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். குழம்பும். அதற்குத்தான் பட்டறைச் சொல்லைப் பக்கத்தில் வைக்கிறேன்: பட்டைவில். காரைக்குடியில் என் டயர் கடைக்குப் பக்கத்துப் பட்டறையில் யாரும் லீஃப் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பட்டை உடைந்துவிட்டது, பட்டை மாற்றணும், இதுதான் பேச்சு. பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சி அருவாள் அடிக்கிறவர்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

அடுக்குவில் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சின்ன டிரெய்லர்களில் ஒரே ஒரு பட்டையோடும் வருகிறதே, அதை ஒற்றை அடுக்குவில் என்பதா? பட்டைவில் என்றால் ஒற்றைப் பட்டைவில், மூன்று பட்டைவில் என்று எண்ணிக்கொண்டே போகலாம். புதிது வாங்கும்போது கண்ணுக்குக் கண் நீளம் (பட்டையின் முனையை வளைத்துச் செய்த வளையம்தான் கண்), பட்டையின் அகலம், எத்தனை பட்டை என்பதைத்தானே கடைக்காரர் கேட்கப்போகிறார்.

போன மாதம் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு படகு டிரெய்லரை ஒரு பக்கமாகச் சாய்ந்த நிலையில் கொண்டுவந்தார்கள். மேலே இருக்கிற பெரிய பட்டை நடு போல்ட் துளையில் இரண்டாக விட்டிருந்தது. மேஸ்திரி அந்தத் துண்டைத் துடைத்து வெயிலில் காட்டினார். உடைந்த முகத்தில் பாதி கறுத்த பழுப்பு, மீதிப் பாதி புது வெள்ளி மாதிரிப் பளபளப்பு. "பாதி போனது எப்பவோ அண்ணே, மிச்சம்தான் நேத்துப் போயிருக்கு" என்றார். உப்புத்தண்ணீரில் இறக்கி ஏற்றிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் நிறுத்தினால் பட்டைகளுக்கு நடுவே துரு ஏறும். இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும், அதனால் பட்டைகளை நெம்பிப் பிரித்துவிடும், வெளியே பெயின்ட் அடித்து மறைத்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். வில்லை அச்சோடு சேர்த்துக் கட்டுகிற யூ போல்ட்டும் கண்ணுக்குள் இருக்கிற புஷ் என்ற உறையும் கூடவே தேயும். உடைந்தது ஒன்றுதான் என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றச் சொல்லி அனுப்பினோம். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் நொண்டும்.

(தாளில் துருவுக்குப் பதில் அரிமானம் என்று போடச் சொன்னவருக்கு: வேண்டாம், படகுக்காரருக்குத் துரு போதும். 1953இல் திறந்த நம்மூர் செக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) அரிமான ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது, அந்தச் சொல்லுக்குரிய இடம் அங்கே இருக்கிறது.)

டயர் பகுதியில் இரண்டு சொல் மட்டும் பாருங்கள். தரையில் படுகிற வரிப் பகுதியான டிரெட் என்பதற்கு மேற்புரி, தடப்பள்ளம் என்றெல்லாம் வந்திருக்கிறது. கடையில் எல்லோரும் பட்டன் என்கிறோம், அதையே எழுதிவிட்டேன். மேலே சொன்ன டிரெய்லரில் பட்டன் புதுசு மாதிரி இருந்தது, அதைப் பார்த்துத்தான் டிரெய்லர்காரர் ஏமாந்திருக்கிறார். பக்கவாட்டில் நகத்தால் அழுத்தினால் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. தேதி எண் 2317, அதாவது 2017ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம் செய்தது. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வது குறைவு, வெயிலில் நின்றே கெடும். அதனால் ஐந்தாறு வருஷத்தில் மாற்றச் சொல்வது வழக்கம்.

இன்னொன்று, பழைய கார் டயரைத் தூக்கி மாட்டுவது. டிரெய்லருக்கென்றே செய்யும் டயரில், அமெரிக்க முறைப்படி, அளவுக்கு முன்னால் எஸ்.டி. (ஸ்பெஷல் டிரெய்லர்) என்று இருக்கும், பக்கவாட்டு விறைப்பாக இருக்கும். கார் டயரைத்தான் போடுவேன் என்றால் அதில் எழுதியிருக்கிற சுமையை 1.1ஆல் வகுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். 550 கிலோ என்றிருந்தால் 500தான். இந்தச் சுமை எண்ணுக்குத் தாங்குசுமை என்று போட்டிருக்கிறேன், மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், எனக்குப் பிடிவாதம் இல்லை.

பட்டைவில்லில் மட்டும் பிடிவாதம் உண்டு. அதை ஒப்புக்கொண்டால் மேலே இருக்கிற பெரிய மெயின் பட்டையைத் தாய்ப்பட்டை என்று வைத்துக்கொள்ளலாம். கண் கண்ணாகவே இருக்கட்டும். ஒரு முனையில் கண் இல்லாமல், தாங்கியின்மேல் சும்மா வழுக்கிக்கொண்டு போகிற வகை ஒன்று இருக்கிறதே, ஸ்லிப்பர் ஸ்பிரிங், அதற்கு வழுக்குவில் என்று எழுதிப் பார்த்தேன். மேஸ்திரியிடம் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார். உங்களில் யாருக்காவது வேறு சொல் தோன்றுகிறதா? தாள் அச்சுக்குப் போக வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.