அம்மாவின் மூட்டு வலிக்கு குளுக்கோசமைன் தொடரலாமா?

மதுரை செல்வி:
அம்மாவுக்கு 68 வயசு. ரெண்டு முழங்காலும் தேஞ்சிருக்குன்னு எக்ஸ்ரே பாத்துச் சொல்லிட்டாங்க. மாடிப்படி ஏறிடறாங்க, இறங்கறதுதான் பாடு. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, பக்கவாட்டாத் திரும்பி ஒவ்வொரு படியா இறங்கறாங்க. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கன்னு குளுக்கோசமைன், கான்ட்ராய்டின் சேந்த மாத்திரை வாங்கிப் போட ஆரம்பிச்சிருக்காங்க. இதய வால்வு மாத்தினதால அசிட்ரோம் தினமும் உண்டு. சுத்த சைவம். தொடரலாமா?

ஷட்டில் குமார்:
நான் வாரத்துல அஞ்சு நாள் ஷட்டில் ஆடறவன், வயசு 52. அதே மாத்திரைதான் போடறேன், வலி நல்லாவே குறைஞ்சிருக்கு. மூணு மாசமாவது விடாமப் போட்டாத்தான் தெரியும்.

முத்துலட்சுமி, ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:
செல்வி, முதல்ல அசிட்ரோம் விஷயம். ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற இந்த வகை மருந்தோட குளுக்கோசமைன் சேந்து ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற டெஸ்ட் அளவு) ஏறின கேஸ்கள் பதிவாகியிருக்கு. ஐஎன்ஆர் ஏறினா ரத்தக்கசிவு வரலாம். அசிட்ரோமை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீங்க. மூட்டு மாத்திரையை எடுத்து வெச்சிட்டு, இதய டாக்டருக்கு இன்னிக்கே போன் பண்ணி, எப்போ ஐஎன்ஆர் பாக்கணும்னு கேளுங்க. இது மாதிரி மாத்திரையைத் தொடங்கினாலும் பாக்கணும், நிறுத்தினாலும் பாக்கணும். ஈறுல ரத்தம், காரணமில்லாத கன்னிப்போன தழும்பு, கறுப்பா மலம்னு ஏதாவது இருந்தா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

அடுத்தது சைவம். குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டுலேர்ந்து எடுக்கிறது. கான்ட்ராய்டின் மாடு மாதிரி விலங்குகளோட குருத்தெலும்புலேர்ந்து வருது. டப்பாவுல பச்சைக் குறியா பழுப்புக் குறியான்னு பாருங்க. அம்மாகிட்ட மறைக்காதீங்க, அவங்க உடம்புக்குள்ள போறது அவங்களுக்குத் தெரியணும்.

குமார் சார், உங்களுக்கு வலி குறைஞ்சதை நான் மறுக்கலை. ஆனா அமெரிக்காவுல 1,583 பேரை வெச்சு நடத்தின ஆய்வு 2006-ல வெளிவந்தது. மருந்தே இல்லாத மாத்திரை போட்டவங்கள்லயே சுமார் 60 சதவீதம் பேருக்கு வலி குறைஞ்சது. ரெண்டும் சேத்துப் போட்டவங்களுக்கு சுமார் 67. அந்த வித்தியாசத்தை மருந்தோட பலன்னு சொல்ல முடியாதுன்னுதான் முடிவு வந்தது. 2019-ல அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கமும் முழங்கால் தேய்மானத்துக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம்னே எழுதிடுச்சு. பென்ஷன் பணத்துல மாசாமாசம் இதை வாங்கிட்டுப் போற பெரியவங்களைப் பாத்தா எனக்கு மனசு கேக்கறதில்லை.

ஷட்டில் குமார்:
அதே ஆய்வுல வலி அதிகமா இருந்தவங்களுக்குக் கேட்டதாப் படிச்சேனே மேடம்?

முத்துலட்சுமி:
ஆமா, அவங்கள்ல ரெண்டும் சேத்துப் போட்டவங்களுக்கு 79 சதவீதம், மருந்தில்லாத மாத்திரை போட்டவங்களுக்கு 54 சதவீதம் பேருக்கு வலி குறைஞ்சது. ஆனா அந்தப் பிரிவு சின்னது, அதை மட்டும் வெச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியாதுன்னு ஆய்வாளர்களே சொல்லிட்டாங்க. உங்களுக்கு வேற மருந்து எதுவும் இல்லேன்னா, டாக்டர்கிட்டச் சொல்லிட்டு மூணு மாசம் பாத்து முடிவு பண்ணுங்க. செல்வியோட அம்மா நிலைமை வேற.

மதுரை செல்வி:
டப்பாவைப் பாத்தேன், பழுப்புக் குறிதான். அம்மாகிட்டச் சொல்லிட்டேன், அவங்களே தள்ளி வெச்சிட்டாங்க. டாக்டர் நாளைக்கே ஐஎன்ஆர் எடுக்கச் சொல்லியிருக்கார். மஞ்சள் கேப்ஸ்யூல் போடலாமா? முடக்கத்தான் தோசை?

முத்துலட்சுமி:
மஞ்சள் கேப்ஸ்யூல் வேண்டாம், அதுவும் ஐஎன்ஆரை ஏத்தலாம். குழம்புல போடற மஞ்சளுக்குப் பயமில்லை. முடக்கத்தான், மத்த கீரை எல்லாம் வழக்கமான அளவுல இருக்கட்டும். ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறு வாரம் விட்டா ஐஎன்ஆர் ஆடும். வலி மாத்திரையும் கடையில கேட்டு வாங்காதீங்க.

படி இறங்கத் தெம்பு குடுக்கிறது தொடைத் தசைதான். கட்டில்ல காலை நீட்டி உக்காரச் சொல்லுங்க. முழங்காலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு, அதைக் கீழே அழுத்தி, அஞ்சு எண்ணி விடணும். ஒரு காலுக்குப் பத்து, காலையும் சாயங்காலமும். மூச்சை அடக்கக் கூடாது. அடுத்து என்ன பண்ணணும்னு பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர்கிட்ட நேர்ல காட்டிக் கேளுங்க. கைப்பிடியை மட்டும் விடச் சொல்லாதீங்க.