பசுமைச் சுவர்: செடிகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

கேள்வி:
சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் மேற்குச் சுவரில், ஏறக்குறைய 120 சதுர மீட்டர் பரப்பில் பசுமைச் சுவர் அமைக்க நிர்வாகக் குழு எண்ணியிருக்கிறது. ஒப்பந்தக்காரர் காட்டிய மாதிரியில் துருப்பிடிக்காத எஃகுச் சட்டமும் பிளாஸ்டிக் தொட்டிகளும் சொட்டுநீர்க் குழாய்களும் மோட்டாரும் இருக்கின்றன. செடிகள் கரியமில வாயுவை உறிஞ்சும் என்பதே குழு சொல்லும் முதன்மைக் காரணம். இத்தனை பொருள்களைத் தயாரிக்கச் செலவான ஆற்றலை அச்செடிகள் ஈடுகட்டுமா?

மறுமொழி 1:
கரியமில வாயுவைக் காரணமாகக் காட்டுவதை முதலில் விட்டுவிடுங்கள். கத்தரித்த இலைகள் மட்கும்போதோ எரிக்கப்படும்போதோ, அவை உறிஞ்சிய வாயுவில் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பிவிடும். உண்மையான பலன் நிழலில்தான் இருக்கிறது. 2008-இல் சிங்கப்பூரின் தோட்டக்கலைப் பூங்காவான ஹார்ட்பார்க்கில் எட்டு வகைப் பசுமைச் சுவர்களை நிறுவி அளந்தபோது, சுவரின் மேற்பரப்பு வெப்பம் அதிகபட்சமாக 11 டிகிரி செல்சியசுக்கு மேல் குறைந்தது. ஆனால் சுவர் குளிர்வதால் மட்டுமே மின்சாரம் மிச்சமாகிவிடாது. அதற்குப் பின்னால் குளிரூட்டிய அறை இருந்தால்தான் அந்த நிழலுக்கு மின்கணக்கில் மதிப்பு உண்டு.

பொருள்களால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் சுமையைப் பொறுத்தவரை, நெதர்லாந்து, இத்தாலி ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஒப்பீடு தெளிவானது. ஐம்பது ஆண்டு ஆயுளை வைத்துக் கணக்கிட்டபோது, அவ்வப்போது மாற்ற வேண்டிய ஃபெல்ட் துணி அடுக்குகளில் செடி வளர்க்கும் முறையே மிக அதிகச் சுமை தந்தது. மண்ணில் வேரூன்றி நேரடியாகச் சுவரில் படரும் கொடியின் சுமை மிகக் குறைவு. கொடிக்குத் தாங்கலாகத் துருப்பிடிக்காத எஃகு வலையைப் பயன்படுத்தினால், மரத்தையோ மறுசுழற்சி பிளாஸ்டிக்கையோ பயன்படுத்துவதைப் போலச் சுமார் பத்து மடங்கு பாதிப்பு ஏற்படுகிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். உங்கள் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர்:
ஒரு பாதிக்குப் பின்னால் மாடிப்படியும் மின்தூக்கியும் உள்ளன. மறுபாதியில் நான்கு தளங்களிலும் படுக்கையறைகள். மாலை வெயிலில் சுவர் கொதிப்பதால் இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடுகிறது.

மறுமொழி 2:
அப்படியானால் மாடிப்படிப் பக்கத்தை வெறுமனே விட்டுவிடலாம். பொருளும் தண்ணீரும் அங்கேயே பாதி மிச்சமாகும். தோட்டப் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தாலும், செங்குத்துச் சுவரிலுள்ள சிறு தொட்டிகளில் அது போதிய அளவு விழுவதில்லை. எனவே குழாய் நீரை நம்ப வேண்டியிருக்கிறது. அந்நீரில் ஒரு பங்கு கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறப்படுகிறது, அதற்கு ஒரு கனமீட்டருக்குச் சுமார் 3.5 யூனிட் மின்சாரம் செலவாகிறது. சொட்டுக்குழாய் ஒருநாள் அடைத்துக்கொண்டாலே வெயில்படும் தொட்டிகள் வாடத் தொடங்கும். பட்ட செடிகளுக்குப் பதிலாக நாற்றங்காலிலிருந்து புதியவற்றை வண்டியில் கொண்டுவரும் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

படுக்கையறைப் பக்கம் தரையில் ரங்கூன் மல்லியை நட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பூச்சிட்ட சாதாரண எஃகுக் கம்பிகளில் ஏற்றினால் கீழ் இரண்டு தளங்களுக்கு நிழல் கிடைக்கும். மேல் தளங்களுக்கு மட்டும், இரண்டாம் தள உயரத்தில் ஆழமான மண்தொட்டிகளை வைத்து அங்கிருந்து கொடியை ஏற்றலாம். தொட்டிகளின் எடையைச் சுவர் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். கொடி மேலேறி அடர ஓரிரு ஆண்டு பிடிக்கும் என்பதைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொட்டிகளில் நீர் தேங்கினால் டெங்கிக் கொசு பெருகும் என்பதால், வடிகால் எப்படி அமையும் என்பதை ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.