'பம்ப் பிறைமிங்': தமிழில் என்ன சொல்லலாம்?

(ப. கையேட்டைத் தொகுப்பவர், நா. தமிழறிஞர், சு. பொருளியல் அறிந்தவர், ம. பத்திரிகையாளர்.)

ப.:
வணக்கம். உயர்தரப் பொருளியல் கையேட்டில் 1930களின் பெருமந்தக் காலத்து அரச நடவடிக்கைகள் பற்றிய அலகு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இறைக் கொள்கை, நாணயக் கொள்கை, பெருக்கி எல்லாம் பாடத்தில் ஊறிய சொற்கள். 'பம்ப் பிறைமிங்' மட்டும் இடறுகிறது. தனியார் முதலீடு படுத்துக் கிடக்கையில் அரசு சிறு தொகையை ஒருதரம் செலவிட்டு, சந்தை ஓடத் தொடங்கியதும் விலகிக்கொள்வது. பழைய குறிப்புகளில் 'ஊக்குவிப்புச் செலவு' என்றிருக்கிறது. வரிக்குறைப்பும் மானியமும்கூட அதற்குள் வந்துவிடும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கிணறும் தண்ணீர் மெசினும் தெரியும். அந்தப் படத்தை இழக்க மனமில்லை.

நா.:
சொல் கிணற்றடியிலேயே கிடக்கிறது. 'இறையொருங்கு நேர்வது நாடு' என்ற குறளில் இறை என்பது வரி. துலாவில் இறைப்பதும் இறைதான். அரசின் வரவு செலவுக்கு இறைக் கொள்கை என்று நம்மவர் பெயரிட்டது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ஆகவே 'முன்னிறைப்பு'. இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பதைப் பாடத்தின் தலைப்பிலேயே போடலாம்.

சு.:
ஐயா, இறைத்தால் தண்ணீர் வெளியே வரும். இங்கே நடப்பது உள்ளே ஊற்றுவது. உறிஞ்சு குழாயிலும் பம்பின் வயிற்றிலும் காற்று நின்றால் விசிறி எவ்வளவு சுற்றினாலும் தண்ணீர் ஏறாது. மேல் மூடியைக் கழற்றி, காற்று முழுக்க வெளியேறும்வரை தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கிய பிறகே மெசினை இயக்க வேண்டும். போதாக்குறைக்கு 'வாரி இறைத்தான்' என்றால் ஊதாரி. அரசு செலவிடுவதை எதிர்ப்பவர்களுக்கு நாமே வசவு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

நா.:
சரி, 'முன்னீரீடு'. முன் + நீர் + ஈடு. புணர்ச்சியில் குறையில்லை.

ம.:
முன்னீர் என்றதும் படித்தவர் மனம் முந்நீருக்குப் போகும், அதாவது கடலுக்கு. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என மூன்று நீரா, படைத்தல் காத்தல் அழித்தல் என மூன்று நீர்மையா என்று அதற்கே உரைகாரர் இன்னும் அடிபடுகிறார்கள். பத்திரிகைத் தலைப்பில் 'அரசின் முன்னீரீடு' என்று போட்டால் காப்புறுதித் திட்டம் என்று நினைத்து வாசகர் விண்ணப்பப் படிவம் கேட்பார்.

நா.:
உரைகாரர் பிணக்கு வேறு. முன்னீர் என்ற பாடமே மூத்தது, நிலத்துக்கு முன் தோன்றிய நீர் என்று கொள்வாரும் உண்டு. மேலும் 'பம்பு' தமிழ் வினை: பம்புதல், செறிதல், ஒலித்தல், அதிலிருந்தே பம்பை என்னும் தோற்கருவி...

ம.:
ஐயா, மெசினும் பறையும் இரைச்சலில் ஒன்றுதான், வேரில் இல்லை.

சு.:
அச்சுக்கு இரண்டே நாள். பொருள் எல்லையை முதலில் பிடிப்போம். அமெரிக்கப் பொருளியலாளர் ஆல்வின் ஹான்சன் இரண்டைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, ஒருதரம் ஊற்றிவிட்டு விலகுவது. மற்றது, தனியார் செலவு குறைந்திருக்கும்வரை அரசு ஈடுகட்டிக்கொண்டே இருப்பது. நாம் தேடும் சொல்லுக்கு முன்னது மட்டுமே பொருளாக வேண்டும்.

ஊற்றியும் ஏறாததற்கு உதாரணம் 1937. 1933 முதல் அமெரிக்கா மெல்ல நிமிர்ந்து வந்தது. மெசின் பிடித்துவிட்டது என்று எண்ணி அரசு செலவைச் சுருக்கியது. 1937 ஜனவரியில் சமூகப் பாதுகாப்பு வரி சம்பளத்தில் கழியத் தொடங்கியது. 1936 ஓகஸ்ட் முதல் 1937 மே வரை மூன்று கட்டங்களில் வங்கிகளின் கட்டாய ஒதுக்கு விகிதத்தை, அதாவது வைப்புகளில் கடன் கொடுக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டிய பங்கை, மத்திய வங்கி இரட்டித்தது. 1937 மேயிலேயே உச்சம் கழிந்து சரிவு தொடங்கிற்று. 1938 ஏப்ரலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கேட்டு மறுபடி செலவுக்குத் திரும்பினார்.

அடுத்தது ஃபுட் வால்வு, உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது. அது ஒழுகினால் ஊற்றியதெல்லாம் கிணற்றுக்கே இறங்கிவிடும். பொருளாதாரத்தில் அந்த ஒழுக்கு சேமிப்பும் வரியும் இறக்குமதியும். கூடுதலாகக் கிடைக்கும் ரூபாவில் 80 சதம் செலவாகி, இறக்குமதி இல்லையென்றால் பெருக்கி 5, அதாவது செலவிட்டது ஐந்து மடங்கு வருமானமாகும். அந்த 80 சதத்தில் 30 சதம் இறக்குமதிப் பொருளுக்குப் போனால் பெருக்கி 2. அரசின் 100 கோடி 500 கோடி வருமானமாகாமல் 200 கோடியோடு நின்றுவிடும்.

ம.:
இலங்கையின் 2022 நெருக்கடியையும் இதில் சேர்ப்பீர்களா?

சு.:
சேர்த்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். பம்பில் காற்று நிற்பது ஒன்று, கிணறு வற்றுவது வேறொன்று. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது; 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்நியச் செலாவணி இல்லாத இடத்தில் ரூபாவை ஊற்றினால் அது விலையில்தான் ஏறும். நம் சுண்ணக்கல் தரையில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். அந்த உவமைக்கு வேறு அலகு இருக்கிறது.

ப.:
'முன்வார்ப்பு' எப்படி? தோசைக்கு மா வார்க்கிறோம், கிணற்றடியில் குளிக்க வார்க்கிறோம்.

ம.:
நல்லது. ஆனால் 'வார்ப்பு' இரும்பு வார்ப்பையும் நினைவூட்டும். அரச சொத்தை விற்றால் 'தாரைவார்ப்பு' என்று நாங்களே தலைப்பிடுகிறோம். கைவிட்டுக் கொடுக்கும் பொருளும் ஒட்டிக்கொள்ளும்.

சு.:
'முன்' அதைக் காப்பாற்றும். 'முன்வார்ப்புச் செலவு' என்றால் ஓட்டத்துக்கு முன், ஒருதரம். முதற்பக்கத்தில் மட்டும் 'பம்ப் பிறைமிங் எனும் முன்வார்ப்பு' என்று இரண்டையும் போடுங்கள். பிறகு தமிழ் மட்டும். விடைத்தாள் திருத்துவோர் இரண்டையும் ஏற்க வேண்டும் என்று ஆசிரியர் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

ம.:
எனக்கும் சம்மதம், அரை மனதோடு.

நா.:
எனக்குச் சம்மதமில்லை. 'இறை' இருக்கும் வீட்டில் 'வார்' எதற்கு? 'முன்னிறை' என்று சுருக்கினால் வெளியே எடுக்கும் பொருளும் தொழிற்பெயரோடு போய்விடும். பதிவில் இருக்கட்டும்.

ப.:
இருக்கிறது ஐயா. மூவர் ஒருபக்கம் என்பதால் 'முன்வார்ப்புச் செலவு' அச்சுக்குப் போகிறது. அடுத்த பக்கத்தில் 'திரவத்தன்மைப் பொறி' வருகிறது, வட்டி மிகக் குறைந்தும் பணம் கையிலேயே முடங்கும் நிலை. அதில் பொறி என்றால் எலிப்பொறி என்று பிள்ளைகளுக்கு விளங்குமா, இயந்திரம் என்று எடுத்துக்கொள்வார்களா?

நா.:
பொறி ஐந்து. மெய், வாய், கண்...