லினக்ஸ் தொடங்கியதும் பிஎம்சி தொடர்பு அறுந்துபோகிறது: உதவி தேவை

இரண்டு செயலிகள் கொண்ட 2யூ ரேக் சர்வர் ஒன்றில், பழைய 1 ஜிகாபிட் கார்டை எடுத்துவிட்டு, இரண்டு எஸ்எஃப்பி28 போர்ட்டுகள் உள்ள ஓசிபி 3.0 வகை 25 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டை மூன்று வாரங்களுக்கு முன் பொருத்தினேன். சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் சிப்பான பிஎம்சிக்கெனத் தனி போர்ட் இல்லாததால், பிஎம்சியை நெட்வொர்க் கார்டுடன் இணைக்கும் என்சி-எஸ்ஐ பாதை வழியாகக் கார்டின் முதல் போர்ட்டையே அது பகிர்ந்துகொள்கிறது.

சர்வர் அணைந்து காத்திருப்பு மின்சாரத்தில் இருக்கும்போதும், பயாஸ் ஓடும்போதும் பிஎம்சி தடையின்றிப் பதிலளிக்கிறது. லினக்ஸ் தொடங்கி, கார்டின் டிரைவர் ஏறிய சில நொடிகளில் பிங்குக்கும் பதில் இல்லை, தொலை மேலாண்மை நெறிமுறையான ஐபிஎம்ஐ பயன்படுத்தும் யுடிபி 623-க்கும் பதில் இல்லை. சர்வரை அணைத்தால் தொடர்பு தானாகவே திரும்பிவிடுகிறது. அதே போர்ட்டில் லினக்ஸின் போக்குவரத்து குறையின்றி நடப்பதால் கேபிளைச் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

முதலில், பல போர்ட்டுகளை ஒரே இணைப்பாகப் பிணைக்கும் எல்ஏசிபி மீதே ஐயம் எழுந்தது. இரண்டு போர்ட்டுகளும் ஒரே பிணைப்பில் இருந்ததால், பிஎம்சிக்குரிய பாக்கெட்டுகளைச் சுவிட்ச் இரண்டாவது போர்ட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என எண்ணி, அந்தப் பிணைப்பை முழுவதும் கலைத்தேன், மாற்றமில்லை. பின்னர் கார்டு, பிஎம்சி இரண்டின் ஃபர்ம்வேரையும் புதுப்பித்தேன், நெட்வொர்க்கைப் பிரித்துக் காட்டும் விலேன் குறியை நீக்கினேன், நிலையான ஐபி கொடுத்தேன், பிஎம்சியை மறுதொடக்கமும் செய்தேன். சர்வருக்குள்ளிருந்து ஐபிஎம்ஐடூல் கொண்டு பார்த்தால் பிஎம்சியின் ஐபி முகவரி சரியாகவே இருக்கிறது. ஆனால் டிரைவர் ஏறிய பின், எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் உள்ளது எனச் சுவிட்ச் குறித்துவைக்கும் மேக் அட்டவணையிலிருந்து பிஎம்சியின் மேக் முகவரி மட்டும் மறைந்துவிடுகிறது.

சர்வர் ஆளில்லாத அறையில் இருப்பதால், தொலைவிலிருந்தே செய்யக்கூடிய வழியே எனக்குப் பயன்படும். டிரைவர் ஏறும்போது என்சி-எஸ்ஐ பாதை துண்டிக்கப்படாமல் இருக்க, கார்டின் ஃபர்ம்வேரிலோ டிரைவரிலோ எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?