பெங்களூர்ல கிழங்கான் மீன் கிடைக்குதா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

தூத்துக்குடிக்காரன்:
கிடைக்கும், தாராளமா கிடைக்கும். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்ல "காணே இருக்கா?"ன்னு கேளுங்க. மங்களூர், உடுப்பிப் பக்கம் கிழங்கானுக்கு அதுதான் பேரு. ஹோட்டல் மெனுவுல லேடி ஃபிஷ்னு இருக்கும். கோவா பக்கம் முடுதோஷிம்பாங்க.

ஆனா பேரை நம்பிக் காசு குடுக்காதீங்க, மீனைப் பாருங்க. உடம்பு நீளமா உருண்டு இருக்கும், மூஞ்சி கூம்பியிருக்கும், வாய் சின்னது. முதுகுல ரெண்டு துடுப்பு. முன்னது நீளம் கம்மி, பின்னது வால் பக்கம் வரைக்கும் ஓடும். முதுகு மணல் நிறம், வயிறு வெள்ளி. சதை ரொம்ப மெது, சீக்கிரம் கெட்டுரும். வயிறு தொளதொளன்னு இருந்தா நான் தொடவே மாட்டேன்.

பழவேற்காட்டுப் பொண்ணு:
சரியாச் சொன்னீங்கண்ணா. எங்க ஏரியிலயும் உண்டு. மணல் தரையில புழு, பூச்சி, சின்ன இறாலைத் தின்னு வளரும். வலை வர்றது தெரிஞ்சா மணலுக்குள்ள புதைஞ்சுக்கும். சித்தப்பா முழங்கால் தண்ணியில வலைக்குள்ள இறங்கி, காலாலயே மெதுவாத் துழாவுவாரு. பாதத்துக்கடியில நெளிஞ்சா அப்படியே அமுக்கிக் கையால எடுத்துருவாரு.

இந்திராநகர்ல ஒரு மங்களூர் ஹோட்டல்ல காணே ரவா ஃப்ரை சாப்பிட்டேன். முழு மீனைக் கீறி, பேடகி மிளகாய் மசாலா தடவி, ரவையில புரட்டிப் பொரிச்சிருந்தாங்க. மேல மொறுமொறு, உள்ள வெள்ளைவெளேர்னு சதை. நடுமுள்ளைப் பிடிச்சு இழுத்தா முழுசா வந்துருது. பாப்பாவுக்கு விரலால நசுக்கிப் பார்த்து ஊட்டினேன், இன்னும் இன்னும்னு கேட்டா. வெலை மட்டும்தான் கொஞ்சம் வலிச்சுது.

ஜாலஹள்ளி அக்கா:
வீட்டுல குழம்பு வைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்மா. தேங்காய் அரைச்சு, புளியைக் குறைச்சு, மாங்காய் போட்டு வைங்க. குழம்பு நல்லாக் கொதிச்சு, மாங்காய் வெந்த பிறகுதான் மீனைப் போடணும். அஞ்சு நிமிஷம் போதும். கரண்டியே விடாதீங்க, சட்டியைத் துணியால பிடிச்சு ஒரு சுத்து சுத்துங்க. இல்லன்னா மீன் கரைஞ்சு முள்ளுதான் மிஞ்சும்.

இன்னொண்ணு, மீன்பிடித் தடைக்காலம். நம்ம தமிழ்நாட்டுக் கிழக்குக் கரைப் பக்கம் விசைப்படகுக்கு ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடை. மங்களூர்ப் பக்கம் ஜூன் 1லேர்ந்து ஜூலை 31. ஜூன் முதல் ரெண்டு வாரம் ரெண்டு கரையிலயும் விசைப்படகு ஓடாது. நாட்டுப் படகு மீன் கொஞ்சம் வரும், ஐஸ்ல கிடந்த பழசும் கூடவே வரும். அப்போ வாங்குறவங்க செவுளைத் தூக்கிப் பார்த்துட்டு வாங்குங்க.