புதுப்பிப்பு: வின்ச் வச்ச ஜீப்புக்கு பேட்டரி மாத்தியாச்சு

பாகூர் பக்கம் சேத்துல வின்ச் (கேபிள சுத்தி இழுக்கற பேட்டரி மோட்டார்) ரெண்டு நிமிஷம் இழுத்ததும் வண்டி மூச்ச நிறுத்திடுச்சு, எந்த பேட்டரி போடலாம்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் தேங்க்ஸ்.

நான் ஏஹெச் நம்பர (மொத்தம் எவ்ளோ சார்ஜ் புடிக்கும்ங்கறது) மட்டுமே பாத்துட்டு இருந்தேன், அது தப்பு. வின்ச் முழு லோடுல 300 ஆம்பியருக்கு மேல உறிஞ்சும், ஐட்லிங்ல ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் குடுக்கறது) குடுக்கறது அதுல கால்வாசி தேறினாலே பெருசு, மிச்சமெல்லாம் பேட்டரி தலையிலதான், அதனால சிசிஏவும் (குளிர்லயும் ஒரேயடியா எவ்ளோ கரண்ட் தள்ளும்ங்கறது) ரிசர்வ் கெபாசிட்டியும் (ஆல்டர்னேட்டர் உதவி இல்லாம எவ்ளோ நேரம் தாங்கும்ங்கறது) சேத்து பாத்து ஏஜிஎம் வகை பேட்டரி எடுத்துட்டேன். ஆசிட் கண்ணாடி நார்ல ஊறி இருக்கறதால வண்டி சாஞ்சாலும் கொட்டாது. விலை சாதா பேட்டரி மாதிரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, வீட்ல இன்னும் சொல்லல.

முதலியார்பேட்டை கடைக்காரர் "தம்பி, பேட்டரி உக்கார்ற டிரேய அளந்துட்டு வா, ப்ளஸ் எந்தப் பக்கம்னும் பாத்துட்டு வா"ன்னு திருப்பி அனுப்பினாரு, நல்லவேளை, நான் பாத்து வச்சிருந்ததுக்கு கேபிளே எட்டிருக்காது.

ஆனா கூத்து என்னன்னா, பழச கழட்டும்போது எர்த் கேபிள் முனை பூரா பச்சையா பூத்திருந்துச்சு, கடல் காத்து வேலை, பாதி பிரச்சினை அங்கதான் போல. புதுக் கேபிள் போட்டு வாசலின் தடவிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மாமா தென்னந்தோப்புல ஒரு அடிமரத்த இழுத்துப் பாத்தேன், இன்ஜின் ஓடிட்டே, அரை நிமிஷம் இழுத்து கொஞ்சம் ஆற விட்டு. வோல்டேஜ் 12க்கு கீழ இறங்கல, அடிமரம்தான் இன்னும் அசையல.